முதல்ல அழுத்தினது ஆரு?

மாதர் சங்கங்களின் அறிவுப்போட்டி சென்ற வருடம் எப்படி முடிந்தது என்பதைக் களுதாவளையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒவ்வோர் அணியின் மேசையிலும் ஒரு கைமணி வைத்திருந்தார்கள். விடை தெரிந்தவர் மணியை ஆட்ட வேண்டும். முதலில் ஆட்டியவருக்கே சந்தர்ப்பம். நான்கு மணிகள் ஒன்றாக ஆடினால் எது முதல் என்று எந்தக் காதுக்குத் தெரியும்? கடைசிக் கேள்விக்குக் களுதாவளைக்காரர் தாங்கள்தான் முதல் என்றார்கள். உன்னிச்சைக்காரர் இல்லை, நாங்கள்தான் என்றார்கள். நடுவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மணியையே தொடாத குருக்கள்மடம் அணியைக் கூப்பிட்டு விடை கேட்டார். அவர்கள் சொன்னது சரியாகவும் போய்விட்டது. உன்னிச்சை அணித் தலைவி கண்ணகை, தன் மணியின் நாக்கைக் கழற்றி நடுவரின் மேசையில் வைத்துவிட்டு வெளியேறினார்.

இந்த வருடம் போட்டியை நடத்தும் பொறுப்பு ஸஹீதா என்ற அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு வந்தது. அவர் முதலில் செய்த வேலை, யசோதினியைத் தேடி அரிசி மில்லுக்கு வந்ததுதான்.

யசோதினிக்கு முப்பத்தொரு வயது. மில்லின் நிறுவை அறையில் வேலை. நெல் ஏற்றிய லொறி தராசு மேடையில் ஏறியதும் அதன் நிறை அவளுடைய கணினித் திரையில் விழும். அதைத் திரையில் விழச் செய்தவளும் அவள்தான். தராசு வாங்கியபோது கூடவே வந்த மென்பொருள் மூன்றாம் மாதமே படுத்துவிட்டது. திருத்த ஆள் வருவதற்குள் அறுவடை முடிந்துவிடும் என்று கண்டவள், இணையத்தைப் பார்த்துப் பார்த்து பைதன் என்ற கணினி மொழியில் நாற்பது வரி ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதித் தராசைப் பேச வைத்துவிட்டாள்.

"தங்கச்சி, உங்கட கொம்பியூட்டர் லொறியோட நெல்ல நிறுக்குதெண்டு கேள்விப்பட்டன்," என்றார் ஸஹீதா, கதிரையில் இருந்தபடி. "நாலு பொம்பிளையள்ல முதல்ல மணி அடிச்சது ஆரெண்டு அதால சொல்ல ஏலுமா?"

யசோதினி கணினியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். தராசிலிருந்து வரும் வயர் ஒன்பது ஊசி கொண்ட பழைய சீரியல் வாயில் செருகியிருந்தது. ஒன்பதில் தராசின் கதையைச் சுமப்பது இரண்டு மூன்று ஊசிகள்தான். மிச்சமெல்லாம் சைகைக் கம்பிகள். கணினியைத் தொலைபேசியோடு இணைத்த அந்தக் காலத்து மோடங்கள் "நான் தயார்", "நீ அனுப்பலாம்", "தொலைபேசி அடிக்கிறது" என்று கணினிக்குச் சொல்ல வைத்த கம்பிகள். இப்போது அவற்றுக்கு வேலை இல்லை. கணினியிலிருந்து வெளியே சைகை காட்டுபவை இரண்டு. வெளியிலிருந்து சைகையைக் கேட்பவை நான்கு.

நான்கு.

"எத்தின அணி மெடம்?"

"நாலு. களுதாவளை, குருக்கள்மடம், உன்னிச்சை, டவுண்."

யசோதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப அளவெடுத்துத் தைச்ச மாதிரி இரிக்கு. செய்து தாறன்."

மில்லில் ஓரமாகக் கிடந்த பழைய கணினி ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கினாள். கணவன் நிதுர்ஷன் அதைத் தன் ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். கடைத்தெருவில் வீட்டு வாசல் மணிக்குப் போடும் சுவிச் நான்கு வாங்கினாள். நீளமாகத் தொலைபேசி வயர். ஒரு பல்ப், அதை ஏற்றி அணைக்க ஒரு ரிலே.

ஏற்பாடு எளிதானது. வெளியே போகும் கம்பிகளில் ஒன்றின் பெயர் ஆர்.டி.எஸ். ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதினால் அதில் மின்சாரம் எழும்பும். இன்னொரு வரி எழுதினால் விழும். அந்தக் கம்பியை நான்கு சுவிச்சுகளுக்கும் பொதுவாகக் கொடுத்தாள். ஒவ்வொரு சுவிச்சின் மறுமுனையும் கேட்கும் கம்பிகளில் ஒன்றுக்குப் போனது. சுவிச்சை அழுத்தினால் அந்தக் கம்பி உயிர் பெறும். ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து அணியின் பெயரைத் திரையில் போடும். இனி அழுத்தலாம் என்று காட்ட, வெளியே போகும் மற்றக் கம்பி பல்பை எரிய வைக்கும். கேள்வி வாசித்து முடியும்வரை ஆர்.டி.எஸ்ஸை இறக்கி வைத்தால் நான்கு சுவிச்சும் செத்தவைதான். யாரும் அவசரப்பட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை விறாந்தை மேசையில் எல்லாவற்றையும் பரப்பிவைத்தபோது அடுத்த வளவிலிருந்து அக்கா சுலோஜனா வந்தாள். சுலோஜனா வெற்றிலைத் தோட்டக்காரி. களுதாவளை அணியின் தலைவியும் அவள்தான். சென்ற வருடத் தோல்வியைப் பன்னிரண்டு மாதமாக ஆறவிடாமல் வைத்திருப்பவள்.

"இதா புள்ள அந்த மிசின்? எங்கட ஊர் சுவிச் எது?"

"முதலாவது. அழுத்திப் பாருங்க அக்கா."

சுலோஜனா அழுத்தினாள். திரையில் "உன்னிச்சை" என்று வந்தது.

"என்னடி இது! தொடங்கக்குள்ளயே அவளுக்குக் குடுத்திற்றியா?"

இரண்டு வயர்கள் ஊசி மாறியிருந்தன. யசோதினி நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றிப் பற்றவைத்தாள். அதன்பிறகு சுவிச்சுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்கள். களுதாவளை, களுதாவளை என்றது. குருக்கள்மடம், குருக்கள்மடம் என்றது. ஒன்றும் பிசகவில்லை. நிதுர்ஷன் உன்னிச்சைக்காரனாகவும் சுலோஜனா களுதாவளைக்காரியாகவும் இருந்து பத்து முறை போட்டிபோட்டார்கள். பத்து முறையும் சுலோஜனாவே வென்றாள்.

"உங்கட கை மின்னல் மச்சாள்," என்றான் நிதுர்ஷன்.

"தினமும் வெற்றில கிள்ளுற கை," என்று சுலோஜனா விரல்களை விரித்துக் காட்டினாள்.

யசோதினியும் சேர்ந்து சிரித்தாள். பத்துக்குப் பத்து என்பது கொஞ்சம் அதிகமில்லையா என்ற எண்ணம் அவளுக்கு அப்போது வரவில்லை.

போட்டி குருக்கள்மடத்தில், வாவிப் பக்கமாக இருந்த பல்தேவைக் கட்டடத்தில் சனிக்கிழமை பின்னேரம் தொடங்கியது. நான்கு ஊர்ப் பெண்களும் பிள்ளைகளுமாக மண்டபம் நிறைந்துவிட்டது. இடம் கிடைக்காத ஆண்கள் யன்னல்களுக்கு வெளியே சைக்கிள்களின் மேல் ஏறி நின்றார்கள். மேடையில் நான்கு மேசைகள், நான்கு சுவிச்சுகள், நடுவில் பல்ப். மேடையின் ஓரத்தில் யசோதினி கணினியோடு இருந்தாள். அவளைப் பற்றி ஸஹீதா ஒலிவாங்கியில் நாலு நல்ல வார்த்தை சொன்னார். கைதட்டல் எழுந்தபோது யசோதினிக்குக் காது சிவந்தது.

"இந்த வருசம் காதால தீர்ப்பில்ல," என்றார் ஸஹீதா. "கொம்பியூட்டர்தான் தீர்ப்பு. அதுக்கு ஊரும் தெரியா, உறவும் தெரியா."

முதல் கேள்வி. "ஒரு ஏக்கர் காணியில எத்தின பேர்ச்சஸ்?"

யசோதினி ஆர்.டி.எஸ்ஸை உயர்த்தினாள். பல்ப் எரிந்தது. திரையில் களுதாவளை. சுலோஜனா எழுந்து நின்று "நூற்றி அறுவது!" என்றாள். களுதாவளைப் பக்கமிருந்து விசில் பறந்தது.

"வெற்றிலைக்கொடிக்கு உறவு ஆரு? பூசணியா, மிளகா, அவரையா?"

களுதாவளை. மிளகு.

"இறாலின்ட இதயம் எங்க இரிக்கு?"

களுதாவளை. தலையில்.

இடையில் டவுண் அணி ஒன்றைப் பிடித்தது, குருக்கள்மடம் ஒன்று, உன்னிச்சை ஒன்று. பத்துக் கேள்விகள் முடிந்தபோது ஏழு புள்ளிகள் களுதாவளையிடம் இருந்தன. மண்டபம் கலகலத்துக் கிடந்தது. ஆனால் உன்னிச்சை மேசையில் கண்ணகை தன் ஆள்காட்டி விரலை முகத்துக்கு நேரே பிடித்து, ஏதோ களவாணியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய உரமான பெண்மணி. குளத்துக்குக் கீழே ஆறு ஏக்கர் வேளாண்மையைத் தனியாகப் பார்ப்பவர்.

"மெடம், எனக்கு ஒரு கதை," என்று எழுந்தார். "ஏக்கர் கேள்விக்கு நான்தான் முதல் அழுத்தினன். இறாலுக்கும் நான்தான். என்ட விரல் எனக்குத் தெரியாதா?"

"கண்ணகை அக்கா, மிசின் பொய் சொல்லாது," என்றார் ஸஹீதா.

கண்ணகை யசோதினியைப் பார்த்தார். "புள்ள, நீ சொல்லு. இது பொய் சொல்லாதா?"

"சொல்லாது அக்கா. கம்பியில கரண்ட் வந்தா வந்ததெண்டு சொல்லும், வராட்டி இல்லெண்டு சொல்லும். வேற ஒண்டும் அதுக்குத் தெரியா."

கண்ணகை மெதுவாக அமர்ந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பமே அதிகமாக இருந்தது. அதுதான் யசோதினியை உறுத்தியது. பொய் சொல்பவர் அப்படி விரலைப் பார்க்க மாட்டார்.

தேநீர் இடைவேளை விட்டார்கள். எல்லோரும் வடைக்கும் தேநீருக்கும் முற்றத்துக்கு இறங்கியதும் யசோதினி ஸ்கிரிப்டைத் திறந்து முதல் வரியிலிருந்து வாசித்தாள். களுதாவளைக் கம்பி எழும்பியிருக்கிறதா? இருந்தால் களுதாவளை. இல்லையென்றால் குருக்கள்மடக் கம்பி? இல்லையென்றால் டவுண்? அதுவும் இல்லையென்றால் உன்னிச்சை? எதுவும் இல்லையென்றால் செக்கனில் பத்தில் ஒரு பங்கு பொறுத்திருந்து மறுபடியும் பார்.

பொறுத்திருந்து.

அந்த வரி தராசு ஸ்கிரிப்டிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டது. தராசில் நிற்கும் லொறி செக்கனின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் எங்கே போய்விடப் போகிறது? லொறிக்கு அது சரி. ஆனால் விடை தெரிந்த இரண்டு பெண்கள் அழுத்தும்போது அவர்களுக்கிடையே இருக்கும் வித்தியாசம் அதைவிடச் சின்னது. ஸ்கிரிப்ட் கண்ணை மூடியிருக்கும் அந்த நேரத்துக்குள் உன்னிச்சையும் அழுத்தி, களுதாவளையும் அழுத்திவிட்டால், கண் திறந்ததும் அது முதலில் கேட்பது களுதாவளையை. ஆம் என்று பதில் வந்ததும் மற்றவர்களைக் கேட்பதே இல்லை.

சோதித்துப் பார்த்தாள். உன்னிச்சை மேசைச் சுவிச்சையும் களுதாவளை மேசைச் சுவிச்சையும் இழுத்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, வலக்கையால் உன்னிச்சையை ஒரு பொட்டு முந்தி அழுத்தினாள். திரையில் களுதாவளை. மறுபடியும். களுதாவளை. ஐந்தாவது முறைதான் உன்னிச்சை வந்தது.

"என்ன புள்ள, மூஞ்சி செத்துப்போய் இரிக்கு? வடை சாப்பிடு." சுலோஜனா தட்டோடு நின்றாள்.

யசோதினி சொன்னாள். மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் யாரிடமும் எதையும் முதலில் சொல்வது அக்காவிடம்தான், பழக்கம் அப்படி.

சுலோஜனா தட்டைக் கணினியின் மேல் வைத்தாள். முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே களுதாவளைப் பெண்கள் ஏற்கெனவே வென்றுவிட்டவர்கள்போல ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அந்த ஏழும்?"

"எல்லாம் எண்டு இல்ல அக்கா. எது உங்கட, எது உங்கட இல்ல எண்டு இப்ப எனக்கே சொல்ல ஏலாது. அதான் மோசம்."

"ஏன்டி எனக்குச் சொன்ன நீ?" சுலோஜனாவின் குரல் இறங்கிப்போயிருந்தது. "சொல்லாம இருந்திருந்தா நான் நிம்மதியா வெண்டிருப்பன். இனி வெண்டாலும் அந்தப் பொம்பிளைட விரல்தான் கண்ணுக்குள்ள நிக்கும்."

"நான் வேணுமெண்டு செய்யல்ல. நம்மட ஊரத்தான் முதல்ல நினைச்சன், அதால முதல்ல எழுதினன்."

"தெரியும். நீ செய்யமாட்டாய்." சுலோஜனா வடையை எடுத்து ஒரு கடி கடித்தாள். "போ. போய்ச் சொல்லு. நான் ஆக்களப் பாத்துக்கொள்ளுறன். எங்கட ஆக்கள் கத்துவாளுகள்."

இடைவேளை முடிந்து எல்லோரும் உள்ளே வந்ததும் யசோதினி ஸஹீதாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஒலிவாங்கியை வாங்கினாள். இவ்வளவு பேருக்கு முன்னால் அவள் பேசியதே இல்லை.

"கண்ணகை அக்கா சொன்னது சரி," என்று தொடங்கினாள். அதற்குமேல் மண்டபம் ஒரு நிமிடம் அவளைப் பேசவிடவில்லை. அமளி அடங்கியதும் சொன்னாள். "மிசின் பொய் சொல்லல்ல. நான்தான் அத பிழையாக் கேக்க வைச்சன். நாலு பேர் வாசல்ல வந்து நிண்டா, கதவத் திறக்கிற ஆள் எப்பவும் களுதாவளைக்காரர மட்டும் முதல்ல உள்ள விட்ட மாதிரி. பிந்தி வந்தாலும் அவங்கதான் முதல். என்ட அக்கா அந்த அணியில இரிக்கிறா. அதால நான் வேணுமெண்டு செய்தனெண்டு நினைப்பீங்க. அப்பிடி இல்ல. ஆனா பிழை என்ட."

களுதாவளைப் பக்கம் இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். "இப்ப என்னத்துக்கு இத சொல்லுறா?" என்று ஒரு குரல். சுலோஜனா மேடையிலிருந்தே திரும்பிப் பார்த்தாள். "இரிங்கடி," என்றாள். இருந்தார்கள்.

கண்ணகை எழுந்தார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் தன் ஆள்காட்டி விரலை மேலே தூக்கி, மண்டபத்துக்கே காட்டினார்.

"நான் சொன்னன்தானே! கண் மங்கிப் போச்சு, முழங்கால் போச்சு, இனி விரலும் போயிற்றாக்கும் எண்டு இவ்வளவு நேரமும் நான் பயந்துபோய் இருந்தன்!"

மண்டபம் முழுவதும் ஓங்கிச் சிரித்தது. யன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள் சாய்ந்து விழுந்தது. யசோதினிக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது.

"இப்ப என்ன செய்வம்?" என்றார் ஸஹீதா.

"எனக்குக் கால் மணித்தியாலம் தாங்க. திருத்திறன். மறுகா முதலாவதில இருந்து தொடங்குவம்."

"கேள்வி?"

"அது உங்கட பக்கம் மெடம்."

ஸஹீதா கைப்பையைத் திறந்து பார்த்தார். கையிருப்பில் இருபது கேள்விகள் இருந்தன. போதும்.

யசோதினி திருத்துவதைப் பார்க்க நான்கு அணித் தலைவிகளும் கணினியைச் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள். கண்ணகைதான் மிக அருகில். யசோதினி எழுத எழுதச் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொரு கம்பியாகப் போய்க் கேட்பதை விட்டுவிட்டு, நான்கு கம்பிகளின் நிலையையும் ஒரே பார்வையில் ஒரே எண்ணாக வாங்கும் வழி இருக்கிறது. அந்த எண்ணைப் பிரித்தால் யார் எழும்பியிருக்கிறார்கள் என்று தெரியும். பொறுத்திருக்கும் வரியை அழித்தாள். இனி ஸ்கிரிப்ட் கண் மூடாது. ஒரு செக்கனுக்குள் ஆயிரம் தடவைக்கு மேல் பார்க்கும்.

"ஆயிரம் தடவையா?" என்றார் கண்ணகை. "அதுக்குக் கண் வலிக்காதா?"

"வலிக்காது அக்கா."

"அப்பயும் ரெண்டு பேர் ஒரே பார்வையில மாட்டிற்றா?"

நல்ல கேள்வி. யசோதினி கை நிறுத்தி யோசித்தாள். "அப்ப ரெண்டு பேரையும் திரையில போடும். சமம் எண்டு. அந்தக் கேள்விய விட்டிற்று வேற கேக்கவேணும்."

"அது ஞாயம்," என்றார் கண்ணகை. சுலோஜனாவும் தலையாட்டினாள். இரண்டு ஊரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதைப் பார்த்து ஸஹீதா வாயில் கைவைத்தார்.

பிறகு சோதனை. தலைவிகள் நால்வரும் மேசைகளுக்குப் போய், பல்ப் எரிந்ததும் அழுத்தினார்கள். ஒருமுறை டவுண், ஒருமுறை உன்னிச்சை, ஒருமுறை களுதாவளை, மறுபடி டவுண். சபையே சத்தமாக ஒவ்வொரு பெயரையும் வாசித்தது. கண்ணகை கட்டைவிரலை உயர்த்திக் காட்டிய பிறகுதான் ஸஹீதா கேள்வித்தாளைக் கையில் எடுத்தார்.

இந்த முறை போட்டி வேறு மாதிரி இருந்தது. எந்தப் பெயர் வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. புள்ளி அங்கும் இங்கும் ஓடியது. "தேனீக்கு எத்தின கண்?" என்ற கேள்விக்குக் குருக்கள்மடம் முந்தி, "அஞ்சு" என்று சொல்லி, சென்ற வருடம் மணி தொடாமலே வென்றதாகத் தங்களைப் பகிடி பண்ணியவர்களைத் திரும்பிப் பார்த்தது. பதினெட்டாவது கேள்வி முடிய உன்னிச்சையும் களுதாவளையும் ஆறு ஆறாக நின்றன. பத்தொன்பதாவதுக்குத் திரையில் இரண்டு பெயர்கள் ஒன்றாக வந்தன. சமம். மண்டபம் "ஓ" என்று மூச்சு விட்டது. யசோதினி எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டாள். ஆயிரம் தடவை பார்க்கும் கண்ணுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மிச்சம் ஒரே ஒரு கேள்வி.

"மனிச உடம்பில ஆகப் பெரிய உறுப்பு எது?"

பல்ப் எரிந்தது. உன்னிச்சை.

கண்ணகை எழுந்து, தன் கையைத் தானே தடவிக் காட்டினார். "இதுதான். தோல்."

வென்றார்கள். உன்னிச்சைக்காரர் மேடையில் ஏறிக் கண்ணகையைத் தூக்கப் பார்த்தார்கள். முடியாமல் கட்டிப்பிடித்ததோடு விட்டார்கள். சுலோஜனாவின் விரல் இன்னும் சுவிச்சின் மேலேயே இருந்தது. அவளுக்கும் விடை தெரிந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்தாலே யசோதினிக்குத் தெரியும். பிறகு எழுந்துபோய்க் கண்ணகையின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"அடுத்த வருசம் விடமாட்டன் அக்கா."

"விடாத. விட்டா எனக்கும் நல்லாயிராது."

பரிசு கொடுத்து, நன்றியுரை சொல்லி, விளக்கு அணைக்க வேண்டிய நேரம். ஆனால் யாரும் போகவில்லை. முதலில் ஒரு சின்னப் பெண் மேடையில் ஏறி, "அன்ரி, நானும் ஒருக்கா அழுத்தட்டா?" என்று கேட்டாள். யசோதினி ஆர்.டி.எஸ்ஸை உயர்த்தினாள். பல்ப் எரிந்ததும் பிள்ளை கத்திக்கொண்டு அழுத்தினாள். அவ்வளவுதான், வரிசை தொடங்கிவிட்டது. பிள்ளைகள், தாய்மார், யன்னலுக்கு வெளியே நின்ற ஆண்கள், கடைசியில் விடைகளைச் சரிபார்க்க நடுவராக வந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர்கூட வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து அழுத்தினார். கேள்வி இல்லை, விடை இல்லை. பல்ப் எரிவதும், நான்கு பேர் பாய்வதும், திரையில் வரும் பெயரைப் பார்த்து எல்லோரும் சிரிப்பதும்தான்.

"எழும்புங்க, எழும்புங்க," என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுலோஜனா வந்தாள். பின்னால் கண்ணகை, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி. "பத்து முறை. கேள்வியில்லாம. விரல் மட்டும்," என்றாள்.

"அக்கா, ஓட்டோ காத்துக்கொண்டு நிக்குது," என்றாள் யசோதினி.

"நிக்கட்டும். நீ பல்பப் போடு."

யசோதினி போட்டாள். முதல் முறை களுதாவளை. இரண்டாவது உன்னிச்சை. மூன்றாவது களுதாவளை. நிதுர்ஷன் வெளியே ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு தானும் உள்ளே வந்து எண்ணத் தொடங்கினான்.